மங்கம்மா சொன்ன சொல்

யசோதரா வேலை பார்த்த இடத்தில் மக்களின் கஷ்டத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன.

மணலிக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தொழிற்சாலைப் பகுதி மக்களுக்கான புகார் மையம் அது. எண்ணூர், திருவொற்றியூர், மாத்தூர், வள்ளூர் என்று எந்தப் பக்கமிருந்து யார் அழைத்தாலும் அழைப்பு அங்கேதான் வரும். கேட்டுக்கொண்டு, கணினித் திரையில் உள்ள நான்கு கட்டங்களில் ஒன்றை அமுக்க வேண்டும். சிரமம். தொந்தரவு. பாதிப்பு. ஆபத்து. முதல் மூன்றையும் அமுக்கினால் புகார் யாரோ ஒருவரின் மேசைக்குக் காகிதமாகப் போகும். நான்காவதை அமுக்கினால் தீயணைப்பு வண்டி கிளம்பும், சாலை மூடப்படும், பக்கத்துப் பள்ளிக்கூடம் காலியாகும்.

மையம் தொடங்கிப் பதினான்கு மாதமாகியும் நான்காவது கட்டத்தை யாரும் தொட்டதில்லை. விதி அப்படி. அழைத்தவரே 'ஆபத்து' என்றோ, 'அபாயம்', 'வெடிப்பு', 'நச்சுவாயு' என்றோ சொல்லியிருக்க வேண்டும். யசோதரா வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். இந்த இருபத்தாறு வருடத்தில் அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட 'அபாயம்' என்று வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அதனால் கட்டத்தை அமுக்கியபின், கீழே குறிப்பு எழுதும் இடத்தில், அழைத்தவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து வைப்பாள். ஷிப்ட் அதிகாரி மனோகரன் அதைத் திருத்துவார். கும்பகோணத்துக்காரர், குரலை உயர்த்தாதவர், சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை.

"யசோதரா, இது அரசாங்க ஆவணம். 'பேஜாரா கீதுன்னு சொன்னார்'னு எழுதலாமா?"

"அவங்க அப்படித்தான் சார் சொன்னாங்க."

"அதைத் தமிழ்ல எழுதுங்கன்னுதான் சொல்றேன்."

"அதுவும் தமிழ்தான் சார்."

அவர் சிரித்துக்கொண்டே அழித்துவிடுவார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

அதிகமாக அழைத்தவர் மங்கம்மாதான். திருவொற்றியூர் கடலோரக் குப்பத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். குப்பத்துக்குப் பின்னால் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டு இருந்தது. அதன் பின்சுவர் ஓரமாக, இரண்டு பிளாஸ்டிக் டப்பில் சங்கரா மீனும் நெத்திலியும் வைத்து விற்பார். ட்ரைலர் லாரிகளின் தூசி, ஹாரன், ராத்திரி பகல் பாராமல் இரும்பு மோதும் சத்தம், யார்டிலிருந்து குப்பத்து வழியாக ஓடிவரும் கறுப்புத் தண்ணீர் என்று ஆறு மாதத்தில் பத்தொன்பது முறை அழைத்திருந்தார். பத்தொன்பதும் முதல் கட்டத்தில் விழுந்தன. ஒவ்வொரு முறையும் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி போகும்: 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். புகார் முடிக்கப்பட்டது.'

அந்தச் செய்தியைப் பேத்தி படித்துச் சொல்லக் கேட்ட அன்று மங்கம்மா கத்திய கத்தலில் யசோதரா காதிலிருந்து ஹெட்போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"சிரமமா? நான் எப்ப சிரமம்னு சொன்னேன்? தூசி பேஜாரா கீதுன்னு சொன்னேன். அந்தக் கறுப்புத் தண்ணிய ரோதனைன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

"இல்லக்கா."

"பேஜாருன்னா நம்ம தலையெழுத்துன்னு திட்டிகினே பொழப்பப் பார்க்கலாம். ரோதனைன்னா ஒருத்தன் கீறான், வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம செஞ்சிகினே கீறான். அவன நிறுத்தச் சொல்லத்தான் உனுக்கு போன் பண்றேன். நீ இன்னாடான்னா வருந்துறியே!"

அன்றைக்கு மாலை, விதிப்படி, அந்த அழைப்பும் சிரமம் என்றே பதிவானது.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, பத்தே முக்கால் மணி. திரையில் மங்கம்மாவின் எண்ணைப் பார்த்ததும் யசோதரா ஹெட்போனைச் சற்றுத் தள்ளிவைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா. லாரி தூசியா?"

"இல்ல கண்ணு."

அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி யசோதரா கேட்டதேயில்லை. ஹெட்போனைக் காதோடு சேர்த்தாள்.

"நாத்தம் அடிக்குதா? பேஜாரா கீதா?"

"பேஜாரு இல்லம்மா. மெர்சலா கீது."

யசோதராவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்தச் சொல்லை அவள் தன் அப்பா வாயிலிருந்து ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அப்பா பகலவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எதற்கும் அசையாத ஆள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கைவைத்தவர் சட்டென்று எழுந்து, "மெர்சலா கீது, எல்லாரும் கீழ எறங்குங்க" என்றார். ஏனென்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு மாடியையும் கதவு தட்டி இறக்கினார். கால் மணி நேரத்தில் மூன்றாம் மாடி பால்கனி மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. விரிசலைக் கண் பார்த்திருக்கும், சத்தத்தைக் காது கேட்டிருக்கும். மூளை சேர்த்துப் பார்ப்பதற்கு முன்பே உடம்பு பயந்துவிட்டது. அந்தப் பயத்துக்குத்தான் அந்தப் பெயர்.

"அக்கா, அங்க இன்னா கீதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"காக்கா ஒண்ணும் வரல. மீன் கொடலு அப்டியே கெடக்குது. பூனைங்களயும் காணோம். செவுத்துல முதுக சாய்ச்சேன், வெதுவெதுன்னு கீது. இன்னிக்கு ஒரே மேகமா கீது, வெயிலே இல்ல. அப்பால, வாயில இன்னாவோ தித்திக்குது. நான் காலைலருந்து டீ கூடக் குடிக்கல."

"மணலி எண்ணெய்க் கம்பெனி வாடை மாதிரியா?"

"அத்த எனக்குத் தெரியாதா? அது இல்ல. இது இன்னான்னே தெரியல. அதான் சொல்றேன்."

"எழுந்துருங்க. டப்ப வுட்ருங்க. பக்கத்துல யார் யார் கீறாங்களோ எல்லாரையும் கூட்டிகினு கடற்கரைப் பக்கமா நடங்க. நிக்காதீங்க, போங்க."

அதற்குள் மனோகரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். வாடிக்கையாளரிடம் 'கீறாங்க' என்று பேசக்கூடாது என்பதும் விதி.

"என்ன சொல்றாங்க?"

"மெர்சலா கீதுன்னு சொல்றாங்க சார். நாலாவது போடறேன்."

"மெர்சல்னா? பசங்க எல்லாம் 'பிரமாதம்'னு சொல்றதுக்கு அதைத்தானே சொல்றாங்க? ஆபத்துன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"ஒரு தடவை கேளுங்களேன். 'ஆபத்தா'ன்னு கேட்டு, அவங்க 'ஆமாம்'னு சொல்லிட்டா நமக்குப் பிரச்சனை இல்லை."

கேட்டிருக்கலாம். மங்கம்மா ஆமாம் என்றும் சொல்லியிருப்பார். ஆனால் அவர் நடந்துகொண்டிருந்தார். அவரை நிறுத்தி ஒரு சொல்லை வாங்க யசோதராவுக்கு மனம் வரவில்லை. பொய்யாக 'ஆபத்து' என்று எழுதவும் வரவில்லை. குறிப்பில் 'மெர்சலா கீது என்றார்' என்று தட்டச்சு செய்தாள். நான்காவது கட்டத்தை அமுக்கினாள். கூடத்தில் பதினான்கு மாதமாக எரியாமலே இருந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

தீயணைப்பு வண்டிகள் பன்னிரண்டு நிமிடத்தில் யார்டுக்குப் போயின. தெருமுனைப் பள்ளியிலிருந்து முந்நூறு பிள்ளைகள் வரிசையாகக் கடற்கரைச் சாலைக்கு நடந்தார்கள். ட்ரைலர்கள் இரண்டு பக்கமும் நிறுத்தப்பட்டன. வாயுவை அளக்கும் கருவியோடு வீரர்கள் வாசலிலும் நடுவிலும் அளந்தார்கள். கருவி எதையும் காட்டவில்லை.

பதினொன்றே காலுக்கு யார்டு மேலாளர் மனோகரனை அழைத்துக் கத்தினார். அவருடைய கத்தல் போனுக்கு வெளியே யசோதராவுக்கே கேட்டது. மனோகரன் போனை வைத்துவிட்டு வந்தார்.

"ஒரே ஒரு வரி போதும். 'தவறாகப் பதிவானது'ன்னு எழுதுங்க. நான் முடிச்சு வைக்கிறேன். உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"அந்தம்மா தப்பா சொல்லலயே சார். நானும் தப்பா கேக்கல."

"யசோதரா, கருவி ஒண்ணுமில்லைன்னு காட்டுது."

"கருவிய எங்க வெச்சுப் பார்த்தாங்கன்னு கேளுங்க சார்."

அப்போது அவளுடைய மேசையிலேயே மணி அடித்தது. தீயணைப்பு நிலைய அதிகாரி அலி அக்பர்.

"இன்னாம்மா, நீதான் அலாரம் போட்டதா? இங்க ஒண்ணும் தெரியல. அந்தம்மா இன்னா சொன்னாங்கன்னு வார்த்த மாத்தாம சொல்லு. உங்க கடுதாசில 'நிலை நான்கு'ன்னுதான் கீது. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவர் ராயபுரத்துக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. யசோதரா மங்கம்மா சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். காக்கை, பூனை, சுவர், தித்திப்பு. கடைசியாக, "மெர்சலா கீதுன்னு சொன்னாங்க சார்" என்றாள்.

அவர் உடனே கேட்டார்.

"அப்படியா சொன்னாங்க? எந்தச் செவுரு?"

"பின்பக்கம். அவங்க மீன் விக்கிற இடத்துக்கு நேரா உள்பக்கம்."

அவர் போனை வைக்காமலே ஆட்களைக் கூப்பிட்டது கேட்டது. "பின்னால வாங்கடா! வெப்பம் பார்க்குற கேமராவ எடு! ஜல்தி!"

பின்சுவரை ஒட்டி மூன்றடுக்காக வைத்த கண்டெய்னர்களில் அடியில் இருந்த ஒன்று. காகிதத்தில் 'பிளாஸ்டிக் சாமான்' என்று இருந்தது. கேமராவில் அதன் ஒரு மூலை அடுப்புபோல் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் அடுக்கிய பெட்டிகள் காற்றை மறித்திருந்ததால் கசிந்த ஆவி எல்லாம் சுவர் தாண்டிக் குப்பத்துப் பக்கம்தான் போயிருந்தது. உள்ளே இருந்தவை ரசாயன டிரம்கள். மழைத் தண்ணீர் இறங்கி, தாமாகவே சூடேறி, நான்கு டிரம் வயிறு ஊதி நின்றன. நுரை அடித்துக் குளிரவைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க மாலை நான்கு மணி ஆயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மாலையில் அலி அக்பர் மறுபடி அழைத்தார். தொண்டை கட்டியிருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் வுட்டிருந்தா செவுரு இல்ல, குப்பத்துல முதல் ரெண்டு வரிச இல்ல. அந்தம்மாவுக்கு ஒரு சலாம் சொல்லு. உனக்கும்தான்."

யசோதரா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்தாள்.

யார்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். ஆனால் பத்து நாளில் யசோதராவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. விதியில் இல்லாத சொல்லை வைத்து நான்காம் நிலையை ஏன் பதிந்தாய்? யார்டின் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கையே செல்லாது என்றால் அதன்பேரில் நடந்த சோதனையும் செல்லாது, சீலும் செல்லாது.

விசாரணை திருவொற்றியூரில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. விசாரித்தவர் வரலட்சுமி என்ற உயரதிகாரி. குப்பமே வந்து உட்கார்ந்திருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

வக்கீல் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். மங்கம்மாவின் மெல்லிய குரல் ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது. "இதில் ஆபத்து என்ற சொல் எங்கே இருக்கிறது? இந்த 'மெர்சல்' என்பதற்கு இன்று 'அசத்தல்' என்றும் பொருள் சொல்கிறார்கள். ஊழியர் தன் ஊகத்தை அழைத்தவர் தலையில் ஏற்றியிருக்கிறார். அன்று கண்டெய்னர் சூடாக இருந்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்."

கூடத்தில் யாரோ காறித் துப்புவதுபோல் சத்தம் எழுப்பினார்கள். வரலட்சுமி யசோதராவைப் பார்த்தார். "பதில் சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றாள்.

"மேடம், சிரமம்னு ஒரு கட்டம் வெச்சிருக்கோம். அந்தச் சொல்லை நான் போர்டுலதான் பார்த்திருக்கேன். ரோட்டைத் தோண்டறவங்க வெக்கிற போர்டு. குழியில விழுந்தவங்க யாரும் 'எனக்குச் சிரமம்'னு சொல்ல மாட்டாங்க. அது கஷ்டத்தைக் கொடுக்கிறவங்க பேசுற சொல். நாம அதைக் கஷ்டப்படறவங்க வாயில போடறோம். எங்க பக்கத்துல கஷ்டம்னு சொன்னா, யார்கிட்டயும் எதுவும் கேக்கலன்னு அர்த்தம்; வாழ்க்கையே அப்படித்தான்னு ஒத்துக்கிட்ட குரல் அது. பேஜாருன்னா சலிப்பு. ரோதனைன்னா செய்றவன் ஒருத்தன் இருக்கான். அவஸ்தைன்னா இந்த நிமிஷம் உடம்பு படுது. மெர்சல்னா என்ன வரப்போகுதுன்னு தெரியல, ஆனா வரப்போகுது. இதையெல்லாம் நாலு கட்டத்துல போட்டா எதுவும் மிஞ்சாது. அவங்க சரியான சொல்லைத்தான் சொன்னாங்க. அதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லை."

"அம்மணி அழகாகப் பேசுகிறார்," என்றார் வக்கீல். "ஆனால் இந்தப் பெண்மணி எதற்கெடுத்தாலும் அழைப்பவர். எல்லா அழைப்பிலும் இப்படித்தான் பெரிய பெரிய சொற்களாகச் சொல்லியிருப்பார்."

அப்போது பின்வரிசையில் மனோகரன் எழுந்தார். கையில் ஒரு கோப்பு. சட்டை கசங்கியிருந்தது.

"மேடம், நான் ஷிப்ட் அதிகாரி. நான் பேசலாமா?" கோப்பைத் திறந்தார். "அந்த அம்மாவுடைய இருபது ஒலிப்பதிவையும் நான் கேட்டேன். கேட்டு முடிக்க மூணு நாள் ஆச்சு. முதல் பத்தொன்பதுல பேஜாரு இருபத்தேழு தடவை வருது. ரோதனை பதினொரு தடவை. தொல்லை, இம்சை, கலீஜு எல்லாம் வருது. சிரமம்கிற சொல் 'நான் எப்ப சிரமம்னு சொன்னேன்'னு அவங்க கேட்ட இடத்துல மட்டும்தான் வருது. அதை எழுதினது நாங்க. திருத்தினது நான்." அவர் வக்கீல் பக்கம் திரும்பினார். "மெர்சல் அந்தப் பத்தொன்பதுல எங்கேயும் இல்லை. எவ்வளவு கோபத்துலயும் அந்தச் சொல்லை அவங்க எடுக்கலை. இருபதாவது அழைப்புலதான் முதல் தடவையா சொன்னாங்க. பெரிய பெரிய சொற்களா இறைக்கிறவங்க இல்லை சார் அவங்க. ஒவ்வொண்ணையும் அளந்து போடறவங்க. என்னைவிட நல்லாத் தமிழ் தெரிஞ்சவங்க."

வரலட்சுமி கோப்பை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு மங்கம்மாவைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

மங்கம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். குரல் பழைய குரலாக இருந்தது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"நான் இன்னாத்த சொல்றது? சொல்ல வேண்டியத அன்னிக்கே சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு காதுல வாங்கிச்சு, எங்க புள்ளைங்க உசுரோட கீதுங்க. வக்கீல் சாரு ஒருநாள் அந்தச் செவுத்துல முதுக சாய்ச்சிகினு குந்தட்டும். அப்பால அசத்தலா கீதா இன்னான்னு அவுரே சொல்லட்டும்."

கூடம் வெடித்துச் சிரித்தது. வரலட்சுமி சிரிப்பை அடக்கக் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு அங்கேயே வாசிக்கப்பட்டது. எச்சரிக்கை செல்லும். ஊழியர்மேல் நடவடிக்கை இல்லை. அவரைப் பாராட்டிப் பதிவேட்டில் குறிப்பு. அந்த யார்டில் இனி ரசாயனச் சரக்கு ஒன்றுகூட வைக்கக்கூடாது. இருப்பதை ஒரு வாரத்தில் அப்புறப்படுத்த வேண்டும். கறுப்புத் தண்ணீர் குப்பத்துப் பக்கம் திரும்பவே கூடாது. புகார் மையத்தின் திரையில் நான்கு கட்டங்களுக்கும் முன்னால் காலியான ஒரு கட்டம் சேர்க்கப்படும். அழைத்தவர் சொன்னது அதில் சொன்னபடியே எழுதப்படும். எந்த நிலை என்பதை அழைப்பைக் கேட்ட ஊழியர் முடிவு செய்வார்.

யசோதரா மங்கம்மாவை நேரில் பார்த்தது அன்றுதான். இருவருக்கும் ஒருவரையொருவர் குரலால்தான் தெரியும். மங்கம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "இத்தினிக்கூண்டு பொண்ணா நீ? குரலக் கேட்டு நான் யாரோ பெரிய ஆபீசருன்னு நெனச்சிகினு கீறேன்!" என்றார். கையில் மீன் வாசனை. யசோதராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ரசாயனப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ட்ரைலர்கள் வரிசையாகக் கிளம்பின. தனக்கு அன்று வார விடுமுறை என்பதால் யசோதரா அப்பாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தாள். குப்பத்து ஆண்கள் அன்று வலையை எடுக்காமல் சாலையில் நின்றார்கள். பெண்கள் சுவரோரம், பிள்ளைகள் கட்டுமரத்தின் மேல். முதல் ட்ரைலர் வளைவைத் தாண்டியதும் யாரோ விசில் அடித்தார்கள். இரண்டாவதற்குப் பத்துப் பேர். மங்கம்மா டப்பைக் கவிழ்த்து அதன்மேல் தாளம் போட ஆரம்பித்தார். பகலவன் தோள்துண்டை எடுத்துச் சுழற்றினார். அவர் அப்படிச் செய்து மகள் பார்த்ததேயில்லை.

கடைசி ட்ரைலர் போனபோது யசோதரா இரண்டு விரலை நாக்கடியில் மடித்து வைத்து, வியாசர்பாடி பெண்கள் அடிப்பதுபோல், நீளமாக ஒரு விசில் அடித்தாள். அது கடல்வரை போயிற்று.